கலிஃபோர்னியாவின் கஞ்சா ஈக்விட்டி மானியம்: தகுதி பார்ப்பதிலிருந்து கணக்கு ஒப்படைப்பது வரை

"கலிஃபோர்னியா அரசு கஞ்சா வியாபாரம் தொடங்க மானியம் கொடுக்கிறதாமே, எந்த அலுவலகத்தில் விண்ணப்பிக்கணும்?" என்று கேட்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது: மாநில அரசிடம் நீங்கள் விண்ணப்பிக்கவே முடியாது. மாநிலம் இந்தப் பணத்தை நகரங்களுக்கும் கவுண்டிகளுக்கும் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகள்) தருகிறது. அவை தங்கள் விதிப்படி தகுதியான தொழில்முனைவோருக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. ஆகவே உங்கள் நகரத்தில் ஈக்விட்டி திட்டம், அதாவது கஞ்சாத் தடையால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இந்தத் தொழிலில் இடம் தரும் திட்டம், இல்லையென்றால், உங்களுக்கு எவ்வளவு தகுதி இருந்தாலும் மாநில மானியம் வந்து சேர வழியில்லை.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்த மானியத்தில் விண்ணப்பப் படிவம்தான் எளிதான பகுதி. பணம் கைக்கு வருமா, வந்தால் உங்களிடமே தங்குமா என்பதைத் தீர்மானிப்பது அதற்கு முன்பே நீங்கள் கையெழுத்துப் போட்ட கூட்டாண்மை ஒப்பந்தம். அதனால் இந்த வழிகாட்டியில் அந்தப் படிக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

பின்னணி, சுருக்கமாக

கலிஃபோர்னியாவில் மருத்துவக் கஞ்சா 1996 நவம்பரில் வாக்கெடுப்பின் மூலம் சட்டபூர்வமானது. பெரியவர்கள் பொதுப் பயன்பாட்டுக்கு வாங்கலாம் என்ற 64-ஆம் முன்மொழிவு 2016 நவம்பரில் நிறைவேறியது. கடைகளில் விற்பனை 2018 ஜனவரி 1 அன்று தொடங்கியது. அதுவரை இதே பொருளுக்காகச் சிறைக்குப் போனவர்கள் யார்? ஓக்லாந்து நகரம் தன் சொந்தப் புள்ளிவிவரத்தை எடுத்துப் பார்த்தது. 2015-இல் அங்கே கஞ்சா வழக்குகளில் கைதானவர்களில் 77 சதவீதம் கறுப்பினத்தவர், 4 சதவீதம் வெள்ளையர். நகர மக்கள்தொகையிலோ இரு தரப்பும் ஏறக்குறைய சம அளவில் இருந்தன. நேற்றுவரை குற்றமாக இருந்தது இன்று தொழிலாகிறபோது, தண்டனையை அனுபவித்தவர்கள் வெளியே நிற்க, முதலீடு வைத்திருப்பவர்கள் மட்டும் உள்ளே போவது நியாயமா என்ற கேள்வியிலிருந்துதான் 2017-இல் ஓக்லாந்தின் ஈக்விட்டி திட்டம் பிறந்தது. அமெரிக்காவில் இத்தகைய முதல் திட்டம் அதுதான்.

அடுத்த ஆண்டே, செனட்டர் ஸ்டீவன் பிராட்ஃபோர்ட் கொண்டுவந்த எஸ்.பி. 1294 சட்டம் மாநில நிதிக்கு வழி திறந்தது. இன்று அந்த நிதியை நிர்வகிப்பது கோ-பிஸ் என்று எல்லோரும் அழைக்கும் ஆளுநரின் வணிக, பொருளாதார மேம்பாட்டு அலுவலகம். 2020 ஏப்ரலில் அந்த அலுவலகம் ஏறக்குறைய 3 கோடி டாலரைப் பகிர்ந்தளித்தது. ஓக்லாந்துக்குச் சுமார் 65 லட்சம், லாஸ் ஏஞ்சலஸுக்குச் சுமார் 60 லட்சம், சான் ஃபிரான்சிஸ்கோவுக்குச் சுமார் 50 லட்சம். கேட்கப் பெரிய தொகைதான். ஒவ்வொரு நகரத்திலும் வரிசையில் நிற்பவர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால், கடை வாடகை, பாதுகாப்புக் கேமரா, கட்டட மாற்றம் எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும் என்ற கனவு கலைந்துவிடும். மானியம் ஒரு கைத்தாங்கல், அவ்வளவுதான்.

முதல் படி: உங்கள் நகரத்தில் திட்டம் இருக்கிறதா?

கலிஃபோர்னியாவில் கஞ்சாக் கடையை அனுமதிப்பதா வேண்டாமா என்பதை ஒவ்வொரு நகரமும் தானே முடிவு செய்யலாம். பல நகரங்கள் அனுமதிப்பதே இல்லை. அனுமதிக்கிற நகரங்களிலும் எல்லாவற்றிலும் ஈக்விட்டி திட்டம் கிடையாது. ஓக்லாந்து, லாஸ் ஏஞ்சலஸ், சான் ஃபிரான்சிஸ்கோ, சாக்ரமென்டோ, லாங் பீச் ஆகிய நகரங்களிலும், பயிர் செய்யும் வட பகுதியில் ஹம்போல்ட், மென்டசினோ போன்ற கவுண்டிகளிலும் திட்டம் இருக்கிறது. உங்கள் ஊரில் திட்டம் உண்டா, இந்த ஆண்டு மாநிலத்திடம் நிதி கேட்டிருக்கிறதா, வந்த நிதியில் மீதி இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளை நகராட்சியின் கஞ்சா பிரிவுக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். தொலைபேசியில் கிடைக்கும் பதிலைப் பிற்பாடு யாரிடமும் காட்ட முடியாது.

பணம் நடக்கும் பாதை நீளமானது. மாநிலம் அறிவிப்பு வெளியிடும், நகரம் விண்ணப்பிக்கும், மாதங்கள் கழித்து ஒதுக்கீடு வரும். அப்புறம் நகர மன்றம் அதை ஏற்றுத் தீர்மானம் போட வேண்டும், மாநிலத்தோடு ஒப்பந்தம் போட வேண்டும், அதன் பிறகுதான் உங்களுக்கான விண்ணப்பம் திறக்கும். மாநிலம் அறிவித்த செய்தியைப் படித்துவிட்டு மறுநாளே இடத்துக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். கடை திறக்காமலே வாடகை கட்டிக் கடனில் மூழ்கியவர்களின் கதைகள் இந்தத் துறையில் ஏராளம்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். கோ-பிஸ் அலுவலகமே சமூக மறுமுதலீட்டு மானியம் என்று இன்னொன்றையும் நடத்துகிறது. கஞ்சா வரியிலிருந்து வரும் அந்தப் பணம் தொண்டு நிறுவனங்களுக்கும் உள்ளூர் சுகாதாரத் துறைகளுக்கும் உரியது. வேலைப் பயிற்சி, மனநல சிகிச்சை போன்றவற்றுக்காக. வியாபாரிக்கு அதில் ஒரு டாலரும் கிடையாது. பெயர் ஒத்திருப்பதால் தவறான படிவத்தை நிரப்புகிறவர்கள் உண்டு.

இரண்டாம் படி: தகுதியும் அதற்கான காகிதமும்

தகுதி விதிகளை ஒவ்வொரு நகரமும் தனித்தனியாக எழுதியிருக்கிறது. ஓக்லாந்தில் நீங்கள் நகரவாசியாக இருக்க வேண்டும். வருமானம் நகரச் சராசரியில் 80 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதோடு இரண்டில் ஒன்று பொருந்த வேண்டும். ஒன்று, கஞ்சாக் கைதுகள் மிகுந்திருந்த 21 காவல் சரகங்களில் கடந்த 20 ஆண்டுகளில் 10 ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும். அல்லது 1996 நவம்பர் 5-க்குப் பிறகு ஓக்லாந்தில் கஞ்சா வழக்கில் கைதாகித் தண்டனை பெற்றிருக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலஸின் கணக்கு வேறு. குறைந்த வருமானம், 2016 நவம்பர் 8-க்கு முன் கலிஃபோர்னியாவில் கஞ்சா தொடர்பான கைது அல்லது தண்டனை, பாதிக்கப்பட்ட பகுதியில் மொத்தம் பத்தாண்டு வாசம் என்ற மூன்றில் இரண்டு வேண்டும். இனம் எந்த விதியிலும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கறுப்பினத்தவருக்கான திட்டம் என்று நினைத்து ஒதுங்கிப்போகிற லத்தீனக் குடும்பங்களும் ஆசியக் குடும்பங்களும் அதே தெருக்களில் இருக்கின்றன.

வசிப்பிடத்தை நிரூபிப்பது கேட்பதற்கு எளிது. பதினைந்து ஆண்டுக்கு முன் பாட்டி வீட்டில் ஒரு அறையில் இருந்தவருக்கு எந்த ரசீது தன் பெயரில் இருக்கும்? மின்கட்டணமும் வாடகை ஒப்பந்தமும் பாட்டி பெயரில்தான் இருந்திருக்கும். பள்ளிப் பதிவேடு, மருத்துவமனைப் பதிவு, வங்கி அறிக்கை, வரித் தாக்கல், வாகனத் துறையிடம் உள்ள முகவரி வரலாறு இவற்றில் தேடுங்கள். பழைய வரித் தாக்கல்களின் சுருக்கப் பிரதியை வருமான வரித் துறை இலவசமாகவே தரும், ஆனால் சில ஆண்டுகள் வரைதான் பின்னோக்கிப் போகும். பள்ளிப் பதிவேடு அதைவிடப் பழையது. முதலில் அதைக் கேளுங்கள்.

தண்டனைக்கான சான்றில் ஒரு விநோதம் உண்டு. சிறு கஞ்சா வழக்குகளின் ஆவணங்களை இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அழித்துவிட வேண்டும் என்பது கலிஃபோர்னியாவின் பழைய சட்டம். 2018-இல் வந்த இன்னொரு சட்டம், பழைய தண்டனைகளைக் குறைப்பதையும் நீக்குவதையும் அரசே முன்னின்று செய்யச் சொன்னது. இரண்டுமே நல்லெண்ணத்தில் வந்தவை. ஆனால் வாழ்க்கை முழுக்க அந்த வழக்கால் வேலை கிடைக்காமல் அலைந்தவர், இப்போது அதே வழக்கு உதவியாக இருக்கும் நேரத்தில் நீதிமன்றத்துக்குப் போனால் "அப்படி ஒரு பதிவே இல்லை" என்ற பதில் வரலாம். முதலில் கவுண்டி நீதிமன்ற எழுத்தரிடம் சான்றளித்த நகல் கேளுங்கள். இல்லையென்றால் மாநில நீதித் துறையிடம் கைரேகை கொடுத்து உங்கள் சொந்தப் பதிவைப் பெறலாம். அதற்கான அரசுக் கட்டணம் 25 டாலர், கைரேகை எடுப்பவருக்குத் தனி. வருமானம் குறைவென்றால் அரசுக் கட்டணத்திலிருந்து விலக்கும் கேட்கலாம். பதிவு நீக்கப்பட்டிருந்தாலும் நீக்க உத்தரவின் நகலே சான்றாக உதவும். வழக்கை நீக்கிக்கொள்ள இப்போதுதான் மனுப்போடப் போகிறீர்கள் என்றால், நகல் வாங்கிக்கொண்டு பிறகு போடுங்கள்.

மூன்றாம் படி: கூட்டாளியும் ஒப்பந்தமும்

நெஞ்சைப் பிசையும் ஏமாற்றுகள் நடப்பது இங்கேதான். தகுதி உங்களிடம், பணம் வேறொருவரிடம். அவர் வந்து "உங்கள் பெயரில் உரிமம் எடுப்போம், செலவெல்லாம் என்னுடையது" என்பார். ஓக்லாந்தில் நிறுவனத்தில் பாதி, லாஸ் ஏஞ்சலஸில் மேலே சொன்ன மூன்றில் இரண்டு பொருந்தியவர் என்றால் 51 சதவீதம் என்று ஈக்விட்டி விண்ணப்பதாரரின் பங்குக்குக் கீழ் வரம்பு இருக்கிறது. அந்த எண்ணைக் காகிதத்தில் வைத்துக்கொண்டே உள்ளிருப்பதை எல்லாம் உறிஞ்சி எடுக்க வழிகள் உண்டு.

எல்.எல்.சி. (பங்குதாரரின் பொறுப்புக்கு வரம்புள்ள நிறுவனம்) என்றால் அதன் இயக்க ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். 'மேலாளர்' என்று ஒருவரை நியமித்து, எல்லா முடிவுகளும் அவருடையவை என்று எழுதியிருந்தால் உங்கள் 51 சதவீதத்துக்கு வாக்கு இல்லை. 'மேலாண்மைச் சேவைக் கட்டணம்' என்று விற்பனையில் ஒரு பகுதி முதலீட்டாளரின் இன்னொரு நிறுவனத்துக்கு முதலில் போய்விட்டால், லாபம் என்று மிச்சமிருப்பது பூஜ்யம். பூஜ்யத்தில் 51 சதவீதமும் பூஜ்யம்தான். 'வாங்கும் விருப்புரிமை' என்ற பிரிவு இருந்தால், சில ஆண்டுகள் கழித்து இன்று நிர்ணயித்த அற்ப விலைக்கு உங்கள் பங்கை அவர் எடுத்துக்கொள்ளலாம். கடைக்கு முதலீட்டாளர் தரும் பணம் பங்கு முதலா, கடனா என்பதைப் பாருங்கள். கடன் என்றால் வட்டி என்ன, ஒரு தவணை தவறினால் உங்கள் பங்கு ஈடாகப் போகுமா? கட்டடமும் அவருடையது, பிராண்ட் பெயரும் அவருடையது, இரண்டுக்கும் வாடகை என்றால், நீங்கள் முதலாளி என்ற பெயரோடு வேலை பார்க்கும் ஊழியர்.

இப்படிப்பட்ட ஒப்பந்தம் பிறகு நகரத்தின் பரிசீலனையில் சிக்கினால் இழப்பு உங்களுக்குத்தான். மானியம் நிற்கும், தகுதியே பறிபோகலாம். கையெழுத்துக்கு முன் தனி வழக்கறிஞர் வேண்டும். முதலீட்டாளர் ஏற்பாடு செய்து தரும் வழக்கறிஞர் உங்கள் வழக்கறிஞர் அல்ல. மாநில நிதியில் ஒரு பகுதியை நகரங்கள் இலவச சட்ட உதவிக்கும் தொழில்நுட்ப உதவிக்கும் செலவிடலாம். அந்த உதவி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மானியத் தொகையைவிட அதற்கு மதிப்பு அதிகம் என்பது என் கருத்து.

எல்லா முதலீட்டாளரும் இப்படி இல்லை. ஓக்லாந்தில் ஒரு நல்ல ஏற்பாடும் இருந்தது. ஈக்விட்டி விண்ணப்பதாரருக்கு மூன்று ஆண்டுகள் வாடகையில்லாமல் 1,000 சதுர அடி இடம் கொடுக்கும் பொது விண்ணப்பதாரருக்கு (ஈக்விட்டி தகுதி இல்லாதவருக்கு) உரிமத்தில் முன்னுரிமை கிடைத்தது. அதில் சிலர் உண்மையாகவே வளர்ந்தார்கள். சிலருக்குக் கிடங்கின் ஒரு மூலையும் ஒரு பூட்டும்தான் கிடைத்தன.

நான்காம் படி: எதற்குச் செலவழிக்கலாம், பட்ஜெட் எப்படி?

வாடகை, உள்ளூர் மற்றும் மாநில உரிமக் கட்டணங்கள், விதிமுறை நிறைவேற்றம், பொருளைப் பரிசோதிக்கும் செலவு, கருவிகள், கட்டட மேம்பாடு, ஊழியர் பயிற்சி ஆகியவை எஸ்.பி. 1294 அனுமதிக்கும் செலவுகள். நகரம் இதை மானியமாகவோ வட்டியில்லாக் கடனாகவோ தரலாம். எது என்று கேட்டுவிடுங்கள். 'உதவித்தொகை' என்று பேச்சில் சொல்லி, ஒப்பந்தத்தில் கடனாக இருப்பதுண்டு. அபராதம், சொந்த வீட்டுச் செலவு, விண்ணப்பத்துக்கு முந்தைய பழைய கடன் போன்றவற்றை பட்ஜெட்டில் சேர்க்காதீர்கள்.

பட்ஜெட்டின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு விலைப்புள்ளி இணையுங்கள். "பாதுகாப்புக்கு 20,000" என்று எழுதினால் திரும்பி வரும். கேமரா எத்தனை, பதிவுக் கருவி எது, பொருத்துகிறவர் யார், அவருக்கு உரிமம் உண்டா என்று எழுதினால் போகும். சில நகரங்கள் முன்பணம் தரும், சில நகரங்கள் நீங்கள் செலவழித்து ரசீது காட்டிய பிறகு திருப்பித் தரும். இரண்டாவது வகை என்றால் முதலில் போட உங்களிடம் பணம் வேண்டும். பணமில்லை என்பதால்தான் மானியம் கேட்கிறோம் என்ற முரண்பாடு அதிகாரிகளுக்கும் தெரியும். தவணை முறையில் பகுதி முன்பணம் கேட்டுப் பாருங்கள்.

ஐந்தாம் படி: சமர்ப்பித்தல்

இதில் சொல்ல அதிகமில்லை. மாநில வணிகப் பதிவு நடப்பில் இருக்க வேண்டும், நகர வணிக வரிச் சான்று வேண்டும், காப்பீடு வேண்டும், வரி எண் படிவம் வேண்டும். எல்லா ஆவணத்திலும் நிறுவனப் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கட்டும். காசோலையைப் போட வங்கிக் கணக்கும் தேவை. கஞ்சாத் தொழில் என்று சொல்லியே கணக்குத் திறக்கும் கடன் சங்க வங்கிகள் உண்டு. மறைத்துத் திறந்த கணக்கு மானியம் வந்த வாரத்தில் மூடப்பட்டால் அதைவிடத் தலைவலி வேறில்லை.

முந்தி வருபவருக்கு முதலில் என்ற முறையில் திறக்கும் விண்ணப்பங்களில் நிமிடங்களும் முக்கியம். லாஸ் ஏஞ்சலஸ் 2019 செப்டம்பரில் கடை உரிமங்களுக்கு அப்படித் திறந்தபோது, சிலருக்கு முன்கூட்டியே உள்ளே நுழைய வழி கிடைத்திருந்தது என்று தெரியவந்து விவகாரம் நீதிமன்றம் வரை போனது. பிறகு அந்த நகரம் குலுக்கல் முறைக்கு மாறியது. உங்கள் நகரம் எந்த முறை என்று தெரிந்து தயாராகுங்கள். எந்த முறையானாலும் சமர்ப்பித்த நேரம் தெரியும்படி திரையைப் படமெடுத்து வையுங்கள்.

ஆறாம் படி: வரியை முன்கூட்டியே கணக்கிடுங்கள்

1982-இல் வந்த கூட்டாட்சி வரிச் சட்டப் பிரிவு 280-இ, முதல் இரண்டு பட்டியல்களில் உள்ள போதைப்பொருள்களை விற்பவர் வழக்கமான தொழில் செலவுகளைக் கழிக்க முடியாது என்கிறது. இந்தப் பட்டியல்களை வகுத்த 1970-இன் கூட்டாட்சிப் போதைப்பொருள் சட்டம் கஞ்சாவை முதல் பட்டியலில் வைத்ததால் மாநில உரிமம் பெற்ற கடைக்காரரும் இதில் மாட்டினார். அதை மூன்றாம் பட்டியலுக்கு மாற்றும் நடைமுறை 2024 மே மாதம் தொடங்கியது. நீங்கள் தாக்கல் செய்யும் ஆண்டுக்கு எந்தப் பட்டியல் பொருந்தும் என்பதைக் கணக்காளரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். 280-இ பொருந்தும் ஆண்டு என்றால் கணக்கு இப்படி: உங்கள் கார்ப்பரேஷனுக்கு 50,000 டாலர் மானியம் வந்து, முழுவதையும் கடை வாடகைக்குக் கொடுத்தீர்கள். கையில் ஒன்றுமில்லை. ஆனால் மானியம் வருமானம், வாடகையைக் கழிக்க முடியாது. 21 சதவீத வரி, 10,500 டாலர், சட்டைப்பையிலிருந்து கட்ட வேண்டும். பொருளின் அடக்கவிலையைக் கழிக்கத் தடையில்லை என்பதால், உற்பத்தியாளர் தன் உற்பத்திக்கூட வாடகையில் ஒரு பகுதியை அதில் சேர்க்க முடிகிறது. கடைக்காரருக்கு அந்த வசதி மிகக் குறைவு. கார்ப்பரேஷனுக்குக் கலிஃபோர்னியா மாநில வருமான வரியில் இந்தத் தடை இல்லை.

மாநிலம் தரும் வேறு சலுகைகளையும் மானியத்தோடு சேர்த்துக் கேட்கலாம். தகுதியுள்ள ஈக்விட்டி உரிமதாரருக்கு 2023 முதல் 2027 வரையிலான வரி ஆண்டுகளில் கட்ட வேண்டிய மாநில வரியிலேயே 10,000 டாலர் கழிவு உண்டு. மாநிலக் கஞ்சாக் கட்டுப்பாட்டுத் துறை உரிமக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யவும் தள்ளிவைக்கவும் செய்கிறது. இதற்கு மட்டும் நேராக மாநிலத்திடமே விண்ணப்பிக்க வேண்டும்.

நம்மவர்களுக்கு ஒரு எச்சரிக்கை

பே ஏரியாவில் (சான் ஃபிரான்சிஸ்கோ சுற்றுவட்டாரத்தில்) இருக்கும் தமிழர்களிடம் இந்தத் துறை பெரும்பாலும் முதலீட்டு வாய்ப்பாகவோ, "உங்கள் கட்டடத்தை வாடகைக்குத் தாருங்கள்" என்றோ வந்து சேர்கிறது. ஹெச்-1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள் குடியேற்ற வழக்கறிஞரைப் பார்க்காமல் தலையாட்டக் கூடாது. மாநிலத்தில் சட்டபூர்வமாக இருந்தாலும், கஞ்சாத் தொழிலில் ஈடுபடுவது குடியுரிமைக்குத் தேவையான நன்னடத்தைத் தகுதியைப் பாதிக்கலாம் என்று அமெரிக்கக் குடியேற்ற அலுவலகம் 2019 ஏப்ரலில் வழிகாட்டுதல் வெளியிட்டது. கடையில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பதும் அதில் அடங்கும்.

மற்ற மாநிலங்கள்

கலிஃபோர்னியாவுக்கு வெளியே இருந்தால் பாதை வேறு. நியூ ஜெர்சியில் மாநிலப் பொருளாதார மேம்பாட்டு ஆணையமே தொழில்முனைவோரிடம் நேராக விண்ணப்பம் வாங்கி மானியம் கொடுத்தது. கொலராடோ 2021-இல் பொருளாதார மேம்பாட்டுத் துறைக்குள்ளேயே ஒரு கஞ்சா வணிக அலுவலகத்தை அமைத்தது. இலினாய் மானியத்தைவிடக் கடன் வழியைத்தான் அதிகம் நம்பியது. மாசசூசெட்ஸ் 2022 சட்டத்தின் மூலம் கஞ்சா கலால் வரியில் 15 சதவீதத்தை ஈக்விட்டி நிதிக்கு ஒதுக்கியது. ஆண்டுக்காண்டு பட்ஜெட்டில் கையேந்த வேண்டியதில்லை என்பதால், இவற்றில் எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான்.

ஏழாம் படி: பணம் வந்த பிறகு

மானியத்துக்கென்று தனிக் கணக்கு திறந்து, செலவை அதிலிருந்து மட்டும் செய்யுங்கள். நகரம் மாநிலத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும், செலவாகாத பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஆகவே உங்கள் கெடு முடிவதற்குள் ரசீதுகளைக் கேட்டு நச்சரிப்பார்கள். பட்ஜெட்டில் ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்குப் பணத்தை மாற்ற நினைத்தால் செலவழிக்கும் முன் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். உரிமையாளர் பங்கு மாறினாலும் உடனே தெரிவியுங்கள். தெரிவிக்காமல் விட்டால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கும் பிரிவு பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கிறது.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டுக் கெடு பெரும்பாலும் கடிதத் தேதியிலிருந்து ஓடத் தொடங்கும், நீங்கள் திறந்து படித்த தேதியிலிருந்து அல்ல. வசிப்பிடச் சான்று போதவில்லை என்பதுதான் காரணம் என்றால் பள்ளிப் பதிவேட்டைச் சேர்த்து மறுபடி அனுப்புங்கள். நிதி தீர்ந்துவிட்டது என்பதுதான் காரணம் என்றால், சரிபார்க்கப்பட்ட உங்கள் தகுதி அடுத்த சுற்றுக்கும் செல்லுமா என்று அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.